பாதுகாப்பு நிலை

குச்சவெளி தாண்டியதும்
கருவியைத் திறந்து மடியில் வைத்தேன்.
டிக்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
டிக். டிக்.
சாரதி றேடியோவைக் குறைத்தார்.
"இது வானத்திலயிருந்து வாறது அண்ணை,
எல்லா ஊருக்கும் வாறது."
அவர் திரும்பக் கூட்டவில்லை.

புல்மோட்டையில் கடல்
கறுப்பாகக் கரையேறுகிறது.
இல்மனைற்று, றூற்றைல், சிர்க்கோன்,
இடையிடையே தேன் நிறத்தில் கொஞ்சம் மொனசைற்று.
ஒரு பிடி அள்ளினால்
இரண்டு பிடியின் பாரம்.

இந்தக் கரையின் சிர்க்கோன் மணி ஒன்றை
எனக்குத் தனிப்படத் தெரியும்.
பனி கொட்டும் ஊரொன்றின் ஆய்வுகூடத்தில்
இரண்டு வைர நுனிகளுக்கு நடுவே அதை வைத்து
திருகாணியை முறுக்கியவள் நான்.
கொட்டியாரக் குடாவின் பள்ளம் முழுதும்
தன் நீரோடு ஏறி நின்றாலும்
அந்த அழுத்தத்தின் ஓரத்துக்கு வராது.
இரண்டு லட்சம் வளிமண்டலம்.
பத்தில் ஒரு பங்கு இடத்தை விட்டுக்கொடுத்து
அணுக்கள் நெருங்கி
வேறொரு ஒழுங்கில் நின்றன.
வைரங்களை விலக்கினேன்.
அழுத்தம் போயிற்று.
மணி பழையபடி ஆகவில்லை.
கூட இருந்தவர்கள் வியந்தார்கள்.
நான் தொண்ணூறில் பிறந்தவள், திருகோணமலையில்.

வெளியிலிருந்து அழுத்தினால் அப்படி.
உள்ளேயிருப்பதன் கதை வேறு.
படிகத்துக்குள் அகப்பட்ட யுரேனியம்
ஒவ்வொன்றாய்ச் சிதையும்.
ஒவ்வொரு சிதைவும்
சுற்றியுள்ள ஆயிரம் அணுக்களை இடம்பெயர்க்கும்.
ஐம்பத்தைந்து கோடி ஆண்டு இப்படி.
வரிசை குலைந்து, வீங்கி, கண்ணாடிபோல் மங்கி,
ஆனாலும்
பிடித்ததை விடவில்லை மணி.

அதனாலோ என்னவோ
இதே மணலிலிருந்து பிரிக்கும் உலோகத்தில்தான்
உலை எரிபொருளுக்கு உறை செய்கிறார்கள்.
ஐந்தாறு வருடம் தாங்கும்,
தண்ணீர் இருக்கும்வரை.
தண்ணீர் வற்றினால்
நீராவியிடம் ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு
ஐதரசனை அவிழ்த்துவிடும் அந்த உறையே.
பிறகு கூரை போகும்.

ஜுனைதீன் வீட்டு நடு அறைத் தரை
கருமணல் கலந்து பூசியது.
"சும்மா கிடைச்ச. வழுவழுப்பா வரும் எண்டாங்க."
வழுவழுப்பாகத்தான் இருந்தது.
கருவி மூச்சுவிடாமல் பேசியது.
முற்றத்தை விட ஆறு மடங்கு.
மகள் சஹ்லா சுருட்டிய பாயோடு நின்றாள்,
காலடியில் பரீட்சைக் குறிப்புகள்.
"பாதுகாப்பா மேடம்?"

அந்தச் சொல்லை
வீதிப் பலகைகளில்தான் எழுத்துக் கூட்டிப் பழகினேன்.
உயர் பாதுகாப்பு வலயம்.
பாதுகாப்பு என்றால்
பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது,
பையைத் திறந்து காட்டுவது,
துறைமுகத்தைப் பார்க்காததுபோல் பார்ப்பது.
என் தொழிலிலும் அதே சொல்தான்.
வேறொன்றை இதுவரை யாரும் செய்து தரவில்லை.

"ஆபத்து எண்டு சொல்லமாட்டன்" என்றேன்.
"ஆனா படுக்கையை முன் அறைக்கு மாத்துங்கோ.
யன்னலைத் திறந்து வையுங்கோ."
"ஆபத்தில்லாட்டி ஏன் மாத்தணும்?"
சஹ்லாதான் கேட்டாள்.
என்னிடம் ஒரு எண்தான் இருந்தது. சொன்னேன்.
தசமப் புள்ளியோடு கொப்பியில் எழுதினாள்.
நாளுக்கு எத்தனை மணித்தியாலம் எடுக்கவேணும்,
படுக்கிறது மட்டுமா,
பள்ளிக்கூடம் போற நேரத்தைக் கழிக்கிறதா?
கழி என்றேன்.
வருடத்துக்குப் பெருக்கினாள்.
ஜுனைதீன் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தீர்ப்பு அங்கிருந்து வருவதுபோல.

இரவு, ஓர்ஸ் ஹில் அறை.
சப்பாத்தைத் தட்டினேன்,
ஐந்தாறு கறுப்பு மணிகள்.
கீழே குடாவில் கப்பலொன்றின் விளக்கு அசையாமல் நின்றது.
அறிக்கையில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாய்:
பாதுகாப்பு நிலை.
படமெடுத்து வந்த கொப்பிப் பக்கத்தைப் பெரிதாக்கி
அவள் போட்ட பெருக்கலை
மூன்றுமுறை சரிபார்த்தேன்.
சரி.
கட்டத்துக்குள் அந்தக் கணக்கை எழுதினேன்,
அவளுடைய வரிகளிலேயே,
கழித்த பள்ளிக்கூட மணித்தியாலங்களோடு.